வகுப்பு ஒன்றுகூடலுக்கு என்ன சமைக்கலாம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நடக்கும் ஒன்றுகூடலுக்கு, சமையலை நீங்களே பகிர்ந்துகொள்ள முன்வந்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. பிள்ளைகளோடு தாத்தா பாட்டிகளும், நடை பழகும் தம்பி தங்கைகளுமாக 60 பேர் வருவார்கள். அதனால் என்ன சமைப்பது என்ற பேச்சுக்கு முன்னால், யாருக்கு எது ஆகாது என்று தெரிந்தாக வேண்டும்.

இத்துடன் வரும் சீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யார் எதைச் சாப்பிடுவதில்லை? யாருக்கு எது ஒவ்வாது? இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள். இறைச்சி சாப்பிடாதவருக்கு வேறொரு பதார்த்தம் இருந்தால் போதும். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு அது போதாது. கடலை பட்ட கரண்டியை அடுத்த பாத்திரத்தில் விட்டாலே ஆபத்து. சமைத்துச் சூடாக்கிவிட்டால் ஒவ்வாமை நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. கைக்குத் தடவும் கிருமிநாசினியும் கடலைப் பிசுக்கை அகற்றாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். எனவே, ஒரே ஒரு பிள்ளைக்குக் கடலையோ மற்ற கொட்டைகளோ ஒவ்வாது என்று தெரியவந்தாலும், அவை அன்று மேசைக்கே வர வேண்டாம். அவசர மருந்து வைத்திருக்கும் பிள்ளையின் பெற்றோர், அதை அன்று வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பலவகைப் பத்தியம் உள்ள கூட்டத்துக்குச் சமைக்கும்போது வழக்கமாக நேரும் பிழை இதுதான்: எல்லாம் கலந்த பெரிய பதார்த்தம் ஒன்றைச் செய்துவிட்டு, 'சாப்பிடாதவர்களுக்கு' என்று ஓரமாக ஒரு சின்னத் தட்டு வைப்பது. அந்தச் சின்னத் தட்டுதான் முதலில் காலியாகும், ஏனென்றால் எல்லாரும் அதிலும் ஒரு கரண்டி எடுப்பார்கள். அதை மட்டுமே சாப்பிடக்கூடிய பிள்ளை வெறும் தட்டோடு நிற்கும். எந்தப் பிள்ளையும் தனி டப்பாவைத் திறந்து ஒதுங்கி உட்காரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே முறையை மாற்றுவோம். எல்லாரும் சாப்பிடக்கூடியதைப் பெரிய அளவில் செய்வோம். சிலர் மட்டும் சாப்பிடுவதைத் தனிக் கிண்ணங்களில் வைப்போம். சோறு, வேகவைத்த கொண்டைக்கடலை, எண்ணெயில் வதக்கிய காய்கள், நறுக்கிய பழம். இவை நான்கிலும் பால், முட்டை, கோதுமை, இறைச்சி எதுவும் வேண்டாம். சீட்டில் கொண்டைக்கடலையே ஒவ்வாது என்று யாராவது எழுதியிருந்தால், அந்த ஒன்றை மாற்றிக்கொள்வோம். தயிர், சீஸ், அவித்த முட்டை, கோழி, காரச் சாறு ஆகியவை தள்ளி வைத்த இன்னொரு மேசையில், கிண்ணத்துக்கு ஒரு கரண்டியோடு இருக்கட்டும். காரத்தையும் உப்பையும் பிறகு சேர்க்கலாம், எடுக்க முடியாது. 3 வயதுக் குழந்தையும் இரத்த அழுத்தம் உள்ள பாட்டியும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட இது ஒன்றே வழி.

அளவுக்கு வருவோம். 35 பெரியவர்கள், 25 பிள்ளைகள். பிள்ளைக்கு அரைப் பங்கு என்று வைத்தால் மொத்தம் 48 பங்கு. பங்குக்கு 75 கிராம் அரிசி என்றால் 3.6 கிலோ. கொண்டைக்கடலை உலர்ந்த நிலையில் 40 கிராம் வீதம் ஏறக்குறைய 2 கிலோ. ஊறி வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் வரும். காய் 5 கிலோ, தோலும் விதையும் நீக்கிய பழம் 5 கிலோ. கூடுதல் கிண்ணங்களை 60 பேருக்கும் கணக்கிட வேண்டாம். அப்படித்தான் உணவு வீணாகிறது. குடிநீர் மட்டும் தலைக்கு அரை லிட்டர், தாராளமாக.

கொண்டைக்கடலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். விரலால் அழுத்தினால் மசியும்வரை தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். புளிப்பு முந்திக்கொண்டால் கடலை எவ்வளவு நேரம் வெந்தாலும் விறைப்பாகவே இருக்கும். அதில் கால் பங்கை மசித்துத் தனியாகக் கொண்டுவாருங்கள். பல்செட் வைத்திருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது உதவும். முழுக் கடலை சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையும் அப்படித்தான், அதைக் குறுக்கே அல்ல, நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். சோளப்பொரி வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.

சோற்றில்தான் எனக்குக் கவலை அதிகம். வெந்த பிறகும் சோற்றில் சில கிருமிகளின் விதைகள் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பிலேயே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. காலையில் வடித்து, மூடி, மாலைவரை வைத்திருப்பது வேண்டவே வேண்டாம். 3 மணிக்கு மேல் வடித்துச் சூடு காக்கும் பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட சூட்டில் 2 மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். தயிர், முட்டை, கோழி, நறுக்கிய பழம் அனைத்துக்கும் இதே கணக்கு. பாத்திரத்தை மொத்தமாக வெளியே வைக்காமல், சிறிது சிறிதாக எடுத்து வையுங்கள்.

கடையில் வாங்குவதாக இருந்தால் உறையைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். ஜெல்லியில் சேரும் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். சில மார்ஜரின்களில் பால் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஓர் அட்டை வையுங்கள். அதில் 'சைவம்', 'ஆரோக்கியமானது' என்றெல்லாம் எழுதினால் பயனில்லை. ஒருவரின் சைவத்தில் முட்டை இருக்கும், இன்னொருவரின் சைவத்தில் இருக்காது. 'பால், முட்டை, கோதுமை உண்டு' என்று உள்ளே இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

இனிப்புக்கு ஒரு கேக் போதும், அதுவும் இரண்டாவது மேசையில். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கென்று தனி இனிப்பு தேவையில்லை. பழம் இருக்கிறது, கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் அளவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சீட்டை வரும் திங்கட்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வாமை எதுவும் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுங்கள். வெற்றுச் சீட்டை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. யார் எதைச் சமைப்பது என்ற பட்டியல் புதன்கிழமை உங்கள் கைக்கு வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்