பாலை அடியோடு விடாதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

காலமை கன்டீனில் பால் தேத்தண்ணி குடித்தால், முதல் லெக்சர் முடியமுன்னம் வயிறு ஊதி இரைகிறது, சில நாள் வயிற்றாலும் போகிறது என்று எழுதியிருந்தாய். இனிப் பால் பக்கமே போகமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த முடிவுக்கு அவசரப்படாதே.

பாலிலுள்ள சீனி லக்டோஸ். அதை உடைக்கச் சிறுகுடல் சுவரில் லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். சிறுவயது கடந்தபின் உலகில் பெரும்பாலானோருக்கு அது குறைந்துவிடும்; அதை நோய் என்று நினைக்காதே. உடையாத லக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பக்றீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். ஊதலும் இரைச்சலும் வாயுவால். வயிற்றாலடி பெரும்பாலும் அந்தத் தண்ணீரால். குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் பெரும்பாலும் தொடங்கிவிடும்.

இப்போது உன் தேத்தண்ணியைப் பார். 100 கிராம் முழு ஆடைப் பால்மாவில் ஏறத்தாழ 38 கிராம் லக்டோஸ் இருக்கிறது. 25 கிராம் மா போட்டுக் கரைத்த தடித்த கோப்பை என்றால் 9, 10 கிராம். கொழுப்பு நீக்கிய மா வயிற்றுக்கு லேசு என்று வாங்கிவிடாதே, அதில் 50 கிராம் வரை உண்டு. லக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் சாப்பாட்டோடு ஒரு நேரத்துக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். நீ குடிப்பதோ வெறும் வயிற்றில். பால் விறுவிறென்று இறங்கிவிட, இருக்கிற கொஞ்ச நொதியத்துக்கு வேலைசெய்ய நேரம் போதாது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் லக்டோஸ் போகாது. ஆட்டுப்பாலுக்கு மாறியும் பயனில்லை, அதிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

முதலில் இரண்டு கிழமை பால், பால்மா, ஐஸ்கிறீம், ரின்பால் எல்லாவற்றையும் நிறுத்து. பிஸ்கட் பக்கற்றில் பால் திண்மம், மோர்த்தூள் என்று போட்டிருந்தால் அதையும் விடு. மற்றச் சாப்பாட்டை மாற்றாதே. பருப்பும் வெங்காயமும் வாயு தருபவை, அவற்றையும் சேர்த்து நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாது. வயிறு அடங்கினால், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு 50 மில்லிலீற்றர் பால் குடி. ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டு மூன்று நாள் விட்டு 100, பிறகு 150, 200. குடித்த அளவு, நேரம், வயிறு என்ன செய்தது என்று கொப்பியில் குறி. எந்த அளவில் வயிறு இரைகிறதோ, அதற்கு ஒரு படி கீழேதான் உன் அளவு.

தயிரைப் பயப்படாமல் முயன்று பார். உறைக்கு ஊற்றியதும் பக்றீரியா லக்டோஸில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றிவிடும். உயிரோடு குடலுக்குப் போவது மிச்சத்தையும் உடைக்க உதவும். சூடாக்கினால் அது செத்துப்போகும், அதனால் தயிரைச் சோற்றில் அப்படியே விட்டுச் சாப்பிடு. நெய்யிலும் பட்டரிலும் முற்றிய சீஸிலும் லக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். சொதியை ஏன் ஒதுக்குகிறாய்? தேங்காய்ப்பாலில் லக்டோஸ் கிடையாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஐஸ்கிறீமும் சாப்பிடலாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கரண்டி மட்டும். பெரிய கிளாஸ் வேண்டாம்.

பால் குறைந்தால் கல்சியம் குறையும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உன் வயதுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் 340 அளவு இருக்கிறது. குரக்கன் புட்டு, எள்ளுருண்டை, முள்ளோடு சப்பித் தின்னும் நெத்தலிப் பொரியல், முருங்கையிலை வறை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடு. குரக்கன் மாவும் எள்ளுருண்டையும் அடுத்த பார்சலில் அனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. பால் பட்டதும் உதடு வீங்கினால், தோலில் தடிப்பு எழும்பினால், மூச்சு முட்டினால் அது பால் புரதத்துக்கான ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அதற்கு லக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், மெலிவு, நித்திரையை எழுப்பும் வயிற்றாலடி இருந்தாலும், இரண்டு கிழமை பாலை நிறுத்தியும் வயிறு அடங்காவிட்டாலும் டொக்டரிடம் காட்டு. போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோ.

அன்புடன்,
அம்மா