காபியை நிறுத்தாதே, நேரத்தை மாற்று

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்தது. மாமா நிமோனியாவிலிருந்து தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. அத்தையும் ரத்தசோகையில் சோர்ந்து கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பேரையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. நடுவில் உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "காபிதான் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு" என்று சொல்கிறார்களாம். என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே. உன் வீட்டில் மாற வேண்டியது காபி குடிக்கிற நேரமும், அதில் போடுகிற சர்க்கரையும், அதோடு சேர்த்து விழுங்குகிற மாத்திரையும்தான்.

வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே நடப்பது இரண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பி பருவ வயதிலிருந்தே சுருங்க ஆரம்பித்து, எழுபது வயதுக்குள் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். புதுக் கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கிற டி செல்கள் முதிர்ச்சி அடைவது அங்கேதான்; அந்த வரத்து வற்றிவிடுகிறது. இன்னொரு பக்கம், கிருமி எதுவும் இல்லாதபோதும் உடம்பில் ஒரு மெல்லிய அழற்சி அணையாமல் இருந்துகொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் அழற்சியின் அளவைக் காட்டுகிற சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதலாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் விஷயத்தில் காபியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாவதில் அதற்குச் சிறு பங்கு இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபர்மன், மார்க் டேவிஸ் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். வயதானவர்களில் சிலருக்கு அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுத் தொகுதி எப்போதும் விழித்தே இருந்தது; அவர்களில் பெரும்பாலோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, நாளங்களும் விறைத்திருந்தன. அந்தத் தொகுதி அடங்கியிருந்தவர்களின் ரத்தத்தில் காஃபினும் அதன் சிதைவுப் பொருள்களும் கூடுதலாக இருந்தன. சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோதும், அந்தத் தூண்டுதலைக் காஃபின் தணித்தது. பிரிட்டனின் மக்கள் உடல்நலத் தகவல் தொகுப்பான யு.கே. பயோபேங்கை வைத்து 2021-இல் வந்த இன்னொரு ஆய்வில், தினம் ஒரு கோப்பையாவது காபி குடிப்பவர்களுக்குக் கோவிட் தொற்று ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இதெல்லாம் சேர்ந்து காணப்படுகிற தொடர்புதான். காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. காபி குடிக்காதவரைப் புதிதாகக் குடிக்கச் சொல்ல இது போதாது. ஐம்பது வருஷமாகக் குடிக்கிறவரைப் பயமுறுத்தி நிறுத்தச் சொல்ல இதில் ஒரு காரணமும் இல்லை.

இனி அளவு. ஹைதராபாதில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 வரை, இன்ஸ்டன்டில் 50 முதல் 65 வரை என்று கணக்கும் தருகிறது. உன் வீட்டுக் கணக்கை நீயே போட்டுவிடலாம். மூன்று பேருக்கு 20 கிராம் தூள் போடுகிறாய், அதில் 30 சதவீதம் சிக்கரி என்றால், காபி 14 கிராம். சிக்கரியில் காஃபின் கிடையாது. பிளாண்டேஷன் ஏ போன்ற அராபிகா வகையில் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் காஃபின். ரொபஸ்டாவில் அதைப்போல இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அராபிகா என்றால் டம்ளருக்கு ஐம்பது சொச்சம், முழுக்க ரொபஸ்டா என்றால் நூறை ஒட்டி வரும். கடையில் அரைக்கும்போது எந்தக் கொட்டை என்று கேட்டுக்கொள். இருவருக்கும் நாளைக்கு இரண்டு டம்ளர், அதிகம் போனால் மூன்று.

சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம் என்பதால், மலிவான தூளில் பாதி சிக்கரிதான். காபிக்கொட்டையில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம்தான் அழற்சியைத் தணிப்பதில் முக்கியமானது என்று கருதப்படுகிறது. கொட்டையைக் கருக வறுத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் நடுத்தர வறுவல், சிக்கரி 15 அல்லது 20 சதவீதத்துக்குள் வாங்கு. பால் சேர்த்தால் பலன் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் செல்களில் சோதித்தபோது, பாலிஃபீனால் (குளோரோஜெனிக் அமிலமும் அந்த வகைதான்) புரதத்தில் இருக்கிற அமினோ அமிலத்தோடு சேர்ந்ததும் அழற்சியைத் தணிக்கும் திறன் இரு மடங்கானது. மனிதர்களில் அதே அளவு நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. பால் கெடுதல் செய்யாது என்ற மட்டில் போதும்.

கெடுப்பது சர்க்கரை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து கிராம். மூன்று டம்ளரில் முப்பது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுதுக்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்பவர்களுக்கு வெள்ளை அணுக்களின் வேகம் குறையும். மாமாவுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்றாயே, அவருக்கு இதுதான் முதல் வேலை. ஒரேயடியாக நிறுத்தினால் டம்ளரையே தள்ளிவிடுவார். பத்து நாளைக்கு ஒரு முறை கால் ஸ்பூன் குறை. நாக்குப் பழகிவிடும்.

டிகாக்‌ஷன் இறங்குவதில்லை என்றும் எழுதியிருந்தாய். தூள் மாவாக அரைபட்டிருக்கும், அல்லது ஃபில்டருக்குள் தூளின் மேல் வைக்கிற குடையை அழுத்திவிடுகிறாய். குடையைத் தூளின் மேல் சும்மா வை. கொதி வந்து அரை நிமிஷம் அடங்கிய தண்ணீரை முதலில் இரண்டு ஸ்பூன் விட்டுத் தூள் ஊறியதும் மீதியை வட்டமாக ஊற்று. 20 கிராமுக்கு மொத்தம் 120 மில்லி. கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டும். அப்படியும் நின்றால் மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வை. கீழே அடைபட்ட காற்று வெளியேறினால் சொட்ட ஆரம்பிக்கும். ஐந்தே நிமிஷத்தில் இறங்கினால் அரைப்பு கொரகொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம், நீர்த்துத்தான் வரும். டிகாக்‌ஷனை நேராக அடுப்பில் வைத்துச் சுட வைக்காதே, கைப்பும் புளிப்பும் ஏறும். பாலைத்தான் சுட வைக்க வேண்டும்.

அத்தைக்குக் கொழுப்பு கூடுதல் என்பதால் ஒன்று. காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் உண்டு, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், எவர்சில்வர் ஃபில்டர் முழுதாகப் பிடிக்காது. அவருக்கான டிகாக்‌ஷனை மட்டும், நனைத்த காகித வடிகட்டியில் இன்னொரு தரம் வடித்துவிடு.

ஆவி பறக்கக் குடிப்பதையும் விட்டுவிடச் சொல். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் எச்சரித்தது. காபியை அல்ல, சூட்டைத்தான். டபராவில் நாலு தரம் ஆற்றினாலே இறங்கிவிடும்.

இப்போது மாத்திரை. இதை நன்றாகக் கவனி. அத்தை தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்குகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். காபி அந்த மருந்தைக் குடலில் சரியாகச் சேரவிடாது. மருந்து சேராமல், தைராய்டு குறைவைக் காட்டுகிற டி.எஸ்.எச். ஏறும், மருத்துவர் அளவைக் கூட்டுவார், இப்படியே போகும். காலை ஐந்தரைக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, ஆறரைக்குக் காபி. எட்டு மணிக்கு இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் காபி வேண்டாம். சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தால் இரும்புச்சத்து உட்கிரகிப்பது 39 சதவீதம் குறைந்ததாக 1983-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தபோது குறையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ அதே அளவு குறைந்தது. அவர்கள் சோதித்தது மாமிச உணவில். அத்தை சைவம், கீரையிலும் பருப்பிலும் வருகிற இரும்பு இன்னும் சீக்கிரம் தடைபடும். இரும்பு குறைந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் பெருகுவதும் மந்தமாகும். அதனால் சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இரும்பு மாத்திரையைப் பதினொரு மணிக்கு எலுமிச்சம்பழச் சாற்றோடு கொடு. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், அதுவும் இதில் சரியாகிவிடும்.

மாமாவின் மருந்துச் சீட்டில் இழைப்புக்கு டெரிஃபிலின் இருக்கிறது. அதிலுள்ள தியோஃபிலினும் காஃபினும் ஒரே குடும்பம். கல்லீரலில் இரண்டையும் கரைப்பது ஒரே நொதி. சேர்ந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. அந்த மருந்தை எடுத்துக்கொள்கிற நாள் வரைக்கும் அவருக்கு மட்டும் நாளைக்கு ஒரு டம்ளர் போதும், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடு. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினாலும் இதே எச்சரிக்கைதான். அது காஃபினை உடம்பிலேயே தேக்கிவிடும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி கூடாது, பொய்யாக ஏற்றிக் காட்டும்.

காபியைக் குறைக்கும்போது ஒரே நாளில் செய்யாதே. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தலைவலி பிடிக்கும், ஒரு வாரம் கூட நீடிக்கும். நோயிலிருந்து எழுந்தவருக்கு அந்த அவதி எதற்கு? தூளைச் சிறிது சிறிதாகக் குறை.

சாயந்திரக் காபிதான் எனக்குப் பெரிய கவலை. உடம்பில் போன காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சிலருக்கு இன்னும் கூடுதல். ஆறு மணிக்குக் குடித்தால் பதினோரு மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. தூக்கம் கெட்டால் எதிர்ப்புச் சக்தி நேராகவே அடிவாங்கும். சிகாகோவில் இளைஞர்களை இரவுக்கு நாலு மணி நேரமே தூங்கவிட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பத்தாம் நாள் அவர்களின் எதிர்ப்பொருள் அளவு, நன்றாகத் தூங்கியவர்களில் பாதி கூட இல்லை. அதனால் மூன்று மணியோடு காபிக் கடையை மூடிவிடு. ராத்திரியில் ஏதாவது சூடாக வேண்டும் என்று மாமா கேட்டால் சுக்கு காபி வைத்துக் கொடு. அதில் காபியே இல்லை. கருப்பட்டியை மட்டும் குறைத்துப் போடு.

நிமோனியா வந்தவர் என்பதால், நிமோகாக்கல் தடுப்பூசியும் வருஷாவருஷம் ஃப்ளூ ஊசியும் பற்றி அடுத்த தடவை போகும்போது கட்டாயம் கேள். அந்த வேலையைக் காபி செய்யாது. ஊசி போடுகிற நாளில் காபி குடிக்கலாம். முந்தின ராத்திரியும் அடுத்த சில நாளும் இருவரும் தூங்கும்படி மட்டும் பார்த்துக்கொள்.

அத்தையின் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கிற இரும்பைக் காட்டுவது), டி.எஸ்.எச். மூன்றும் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது. தைராய்டு மாத்திரை நேரத்தை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அளவைக் குறைக்கக்கூட நேரலாம். மாத்திரையை எப்போது, எதோடு விழுங்கி வந்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்.

அன்புடன்,
கமலா