ஆய்வகமா, ஆலையா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளே,

பட்டம் கைக்கு வரும் நேரத்தில், திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் பக்கம் சோலார் செல் ஆலை வேலைக்கு வரலாமா என்று நீ கேட்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பாவுக்கு இஷ்டமில்லை. "சிட்னி வரைக்கும் போய்ப் படித்த பிள்ளை இங்கே வந்து ஷிஃப்ட் பார்ப்பதா?" என்கிறார். நான் வா என்கிறேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டுதான், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்தே வெயிலை மின்சாரமாக்கும் இந்தச் சிலிக்கான் தகட்டின் கதையை விடாமல் படித்து வருகிறேன். அது நாடு விட்டு நாடு கைமாறிய விதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் செல் பிறந்தது. விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பதறிய ஜப்பான், அடுத்த ஆண்டே 'சன்ஷைன்' திட்டத்தைத் தொடங்கியது. ஷார்ப் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் முன்னுக்கு வந்தன. பிறகு ஜெர்மனி. வெயில் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை என்று 2000-ல் அங்கே சட்டம் போட்டார்கள். கூரையெல்லாம் பேனல் ஏறியது. அந்தச் செலவைத் தங்கள் கரண்ட் பில்லில் சுமந்தவர்கள் சாதாரண ஜெர்மானியக் குடும்பத்தார். உலகம் முழுக்க இன்று பேனல் மலிவாகக் கிடைப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் உலகிலேயே அதிக செல் தயாரித்த அவர்களுடைய கியூ-செல்ஸ் 2012-ல் திவாலாகி, கொரியாவின் ஹன்வா கைக்குப் போனது.

அதற்குள் சீனா வந்துவிட்டது. எப்படி வந்தது என்பது உன் பல்கலைக்கழகத்தில் தொடங்கும் கதை. உங்கள் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சோலார் செல் விஞ்ஞானி மார்ட்டின் கிரீனிடம் ஆராய்ச்சி செய்தவர் ஷி செங்ரோங். ஊர் திரும்பி 2001-ல் வூஷி நகரத்தில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-ல் அது நியூயார்க் பங்குச்சந்தைக்கே போனது. 2013-ல் கடனில் மூழ்கி விழுந்தது. ஆனால் தொழில் விழவில்லை பார், அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனி போனாலும் அங்கே வேலை கற்ற ஆட்கள், எந்திரம் செய்து கொடுத்த பட்டறைகள், கண்ணாடி, அலுமினியச் சட்டம், வெள்ளிப் பசை தருபவர்கள் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

கிரீனின் ஆய்வகத்தில் பிறந்த, பின்பக்கத்திலும் பூச்சு போட்டுக் கூடுதல் மின்சாரம் எடுக்கும் பெர்க் செல்லை உலகச் சந்தையின் முதன்மை செல்லாக்கியது சீனா. ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் ஃபிரான்ஹோஃபர் விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்ட, அதைவிடத் திறன் கூடிய டாப்கான் செல்லுக்கும் அதே கதைதான். இன்று பாலிசிலிக்கான் (சுத்தமான சிலிக்கான்), இங்காட் (அதை உருக்கி எடுத்த கட்டி), வேஃபர் (கட்டியை அறுத்த மெல்லிய தகடு), செல், மாட்யூல் (செல்களை ஒட்டிய முழுப் பேனல்) என்று எந்தக் கட்டத்தை எடுத்தாலும் உலக உற்பத்தித் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் இருக்கிறது.

அரசாங்கம் மலிவாக நிலமும் கடனும் கரண்டும் கொடுத்தது, அதனால்தான் என்று அப்பா சொல்வார். கொடுத்தது உண்மை. அது மட்டும் போதும் என்றால் கொடுத்த நாடெல்லாம் ஜெயித்திருக்க வேண்டும். மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேனல் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. அந்தக் குறைப்பில் ஒரு நல்ல பங்கு ஆலையின் உற்பத்தி லைனில் நடந்தது: வைரக் கம்பியால் அறுத்து வேஃபரை மெலிதாக்குவது, அது உடையாமல் நகர்த்துவது, செல்லில் மின்சாரத்தைச் சேர்த்தெடுக்கும் வெள்ளிக் கோட்டை இன்னும் ஒல்லியாக அச்சிடுவது, சூளையின் வெப்பத்தைச் சில டிகிரி மாற்றிப் பார்ப்பது. சமையல் போலத்தான், பக்குவம் அடுப்படியில் நின்றவளுக்கே பிடிபடும்.

நம் நாட்டு நிலைமை உனக்குத் தெரியும். 2022 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மாட்யூலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி போட்டார்கள். மாட்யூல் ஆலைகள் மளமளவென்று எழுந்தன, 2025-ல் ஆண்டுக்கு 100 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது திறன். ஆனால் செல் அதில் சிறு பங்குதான். வேஃபர் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது. செல்லை வாங்கி மாட்யூலாக ஒட்டுவதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. வரி கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அந்த அவகாசத்துக்குள் வேலை தெரிந்த ஆட்கள் உருவாக வேண்டும். கங்கைகொண்டானில் டாடாவின் செல் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு லைனில் ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்ல உன்னைப் போல ஒருத்தி அங்கே நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சீனாவைப் போல ஆகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற குற்றச்சாட்டால், அங்கிருந்து வரும் பொருள்களை 2022 ஜூன் முதல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுக்கிறது. சீன ஆலைகளே தேவைக்கு மேல் தயாரித்து, 2024-ல் அடக்க விலைக்கும் கீழே விற்றுப் பெரிய நஷ்டம் பார்த்தன. வேகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் நீ பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் சிலதைக் கேள். லைனில் பரிசோதனை செய்து பார்க்க நேரம் ஒதுக்குவார்களா? எந்திரம் நின்றால் வெளிநாட்டு ஆள் வரும்வரை காத்திருப்பார்களா, நம் ஆட்களே திறந்து பார்ப்பார்களா? இங்காட், வேஃபர் பக்கம் போகும் எண்ணம் உண்டா? இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்களுக்கு வண்டி உண்டா? மாட்யூல் ஒட்டும் வேலைதான் தருவோம் என்றால் வராதே, சிட்னியிலேயே இரு.

ஆய்வேட்டை முடிக்காமல் மட்டும் கிளம்பிவிடாதே. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், பாதி இறங்கி வந்துவிட்டார். உன் வழிகாட்டிப் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லு.

அன்புடன்
அம்மா