‘வராது சார்’ என்று சொன்ன தம்பிக்கு

மஞ்சூர் அக்கம்பக்கத்தாருக்கும், கோவையில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேற்று மத்தியானம் என் மனைவி ஆக்சிஜன் வரும் மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தானே எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை அதிகம். நான் வாயைத் திறக்கவில்லை, முழு டம்ளரையும் குடித்தேன். அந்தத் தெம்பில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மழையில் கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் பார்த்தவர்கள் நீங்கள். நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டவரும் படுத்துவிட்டதால் போன் வேலை செய்யவில்லை. வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். போய்ப் பார்த்தால், சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நம் பகுதி வயர்மேன் தம்பி நிற்கிறார். காலெல்லாம் சேறு என்று படியேறவில்லை.

“சார், இன்னைக்கு வராது. நாளைக்கும் சந்தேகம்தான். மேல ஏழெட்டு போஸ்ட் சாஞ்சு கிடக்கு. நாளன்னிக்கு மத்தியானம்னு வச்சுக்குங்க. அம்மாவுக்கு மெஷின் ஓடுதுல்ல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவ்வளவுதான். டீ சாப்பிடச் சொன்னேன். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேரணும் என்று கிளம்பிவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா?

அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். கணக்கு தெரியாமல் இல்லை. இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி, 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் மெஷின்: நாலு மணி நேரம் ஓடும். சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். விடியும்வரை தாக்குப் பிடிக்கலாம், அதற்குள் கரண்ட் வந்துவிடாதா? கேட்டவர்கள் எல்லோரும் ‘வந்துடும் சார்’ என்றுதான் சொன்னார்கள். தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘வராது’ என்று ஒருவர் சொன்ன பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பிக்கப்பில் ஊட்டிக்குப் போய்ப் பெரிய சிலிண்டரோடு திரும்பியதும், நாங்கள் தாண்டி வந்த அரை மணியில் அந்த வளைவில் மண் சரிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தச் சிலிண்டர் மட்டும் இல்லாவிட்டால்... வேண்டாம், அதை எழுத வரவில்லை.

என் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேடிக்கை புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மின்சாரத்தின் பொருளாதாரம் என்று பேசினாலே “அதெல்லாம் காமர்ஸ் டிபார்ட்மென்ட் விஷயம் சார்” என்பார்கள். 1998இல் மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கான சட்டம், அப்புறம் 2003இல் புதிய மின்சாரச் சட்டம் என்று வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அதற்கு முன்பிருந்தே நான் பிடித்துக்கொண்டு தொங்கிய தலைப்பு ஒன்று உண்டு: கிடைக்காமல் போன ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை என்ன? விற்கிற யூனிட்டுக்கு மீட்டர் இருக்கிறது, போய்விட்ட யூனிட்டுக்கு ஏது? பட்டறை பட்டறையாகப் போய் உங்களைக் கேட்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தினால் நஷ்டம் குறைவு, சொல்லாமல் நிறுத்தினால் அதிகம். பாடப்புத்தகத்தில் வருகிற முடிவுதான். மின்வெட்டுக் காலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் சொன்னார்: “எப்போ போகும், எப்போ வரும்னு உண்மையைச் சொன்னா போதும் சார், அதுக்குத் தக்கன ஆளை வரச் சொல்லிக்குவேன்.” அதை நான் சமன்பாட்டில் ஒரு குணகமாகப் போட்டுக்கொண்டேன். மாணவர்களுக்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. அந்தக் குணகம் இத்தனை வருஷம் கழித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: “குந்தா பவர் ஹவுஸ் காலடியிலேயே இருக்கு, நமக்கு ஏன் சார் கரண்ட் இல்லை?” பழக்க தோஷம், பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா கைகொடுத்துக் கட்டியது, அங்கே உற்பத்தியாவது உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாகச் சமவெளிக்கு இறங்கிவிடும், நம் வீட்டுக்கு வருவது துணைமின் நிலையத்திலிருந்து மரத்துக்கு மரம் உரசிக்கொண்டு வரும் வேறு கம்பி என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார், மெழுகுவத்தி இருக்கா?” என்றார்.

அந்த 2003 மின்சாரச் சட்டத்தின் 57ஆவது பிரிவு சேவைத் தரத்தையும், தவறினால் தர வேண்டிய இழப்பீட்டையும் பேசுகிறது. அந்த இழப்பீடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகளில், திடீர்ப் பழுது என்றால் எப்போது சரியாகும் என்பதை எஸ்.எம்.எஸ். மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல விதிதான். டவரே இல்லாத சாயங்காலத்தில் அந்தத் தம்பி நடந்து வந்து சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். மின்கட்டண மனுக்கள் மீது ஆணையம் நடத்தும் பொது விசாரணைகளில் எழுந்து நின்று, ஊழியர் செலவு அதிகம், யூனிட்டுக்கு இத்தனை பைசா வருகிறது, குறையுங்கள் என்று பல முறை வாதாடியவன் நான். அந்த வாதம் முழுக்கத் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் மலையில் சாய்ந்த கம்பத்தடிக்கு நடந்து போகிறவரும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரும் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த விசாரணைக்கு நிச்சயம் போவேன். மலைப்பகுதிப் பிரிவு அலுவலகங்களில் வயர்மேன் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை என்று தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பேன். எழுபது வயதில் மைக்கைப் பிடித்தால் பிடுங்கவா போகிறார்கள்!

மற்றவர்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரு கும்பிடு. பிக்கப் ஓட்டிய தம்பி, இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றித் தலையில் தூக்கி வந்த இரண்டு பையன்கள், அவரைக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுவந்த ஹட்டி (படகர் ஊர்)ப் பெண்கள், போன் வந்தவுடன் வரிசையாக அழைத்த மாணவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸம்மா. யாரையாவது விட்டிருந்தால் என் மனைவி திருத்துவாள். இதைப் படித்துக் காட்டியதற்கே, “நன்றி சொல்லச் சொன்னா கட்டண மனு போட்டு வச்சிருக்கீங்க” என்கிறாள்.

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கில் ஒரு தப்பு. நாளன்னிக்கு மத்தியானம் என்றீர்கள். காலை பத்தேகாலுக்கே வந்துவிட்டது.

பெரிய சிலிண்டரை நிரப்பி, சாவியோடு பின்பக்க வராந்தாவில் வைத்திருக்கிறேன். யாருக்குத் தேவைப்பட்டாலும் எந்த நேரமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், எங்களை எழுப்ப வேண்டாம். நாய் குரைக்கும், கடிக்காது.