இரண்டு சீட், ஒரே டி.சி.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு வடசென்னையில் ஒரு கேள்வி வீடு வீடாகச் சுற்றும்: "மெட்ராஸ் யுனிவர்சிட்டியா, அண்ணா யுனிவர்சிட்டியா?" பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி என்று இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து, எம்.எஸ்சி.க்கு இரண்டு இடத்திலும் கிடைத்த பிள்ளைகளுக்குச் சந்தோஷம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் யாரைக் கேட்பது என்று தெரியாது. பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். தெருமுனையில் நாலு பேரைக் கேட்டு, "அண்ணான்னா வேலை, மெட்ராஸ்னா படிப்பு" என்று ஒரு பழைய வாக்கைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். சேர்க்கைக் காலம் நெருங்குவதால் சில விவரங்களைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இந்தப் பேர் விவகாரம். 1857இல் தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். அண்ணா பல்கலைக்கழகம் 1978. ஆனால் அண்ணாவுக்குள் இருக்கும் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளையாகத்தான் பிறந்தது. ஒரே வீட்டைப் பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி, கிண்டியில் இன்றும் இரண்டின் வளாகங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2024 தேசியத் தரவரிசையில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பிரிவில் அண்ணா முதலிடம் பிடித்தது உண்மை. அந்த இடம் பொறியியல் துறைகளையும் சேர்த்து மொத்தப் பல்கலைக்கழகத்துக்குத் தந்தது. அங்கே இரண்டு வருடம் எம்.எஸ்சி. கணிதம் படிக்கப்போகும் பெண்ணுக்கு அந்த எண்ணிலிருந்து தெரிவது கொஞ்சம்தான். கணிதத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமானுஜன் உயர்நிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. புரத அமைப்புக்கு உலகமே இன்றும் பயன்படுத்தும் வரைபடத்தை 1963இல் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் தந்தது அதே பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து. படிகம் வளர்ப்பதற்கென்றே தனி மையம் வைத்திருப்பது அண்ணா. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதைவிட எந்தத் துறை என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

யாரும் கவனிக்காத ஒன்று, பட்டத்தின் பேர். சேர்க்கைக் கடிதத்தில் 'எம்.எஸ்சி. இயற்பியல்' என்று இருக்கிறதா, 'மெட்டீரியல்ஸ் சயின்ஸ்' என்று இருக்கிறதா? சேரும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நாலு வருடம் கழித்து ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் வித்தியாசம் தெரியும். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தப் பாடத்திலேயே இளங்கலை, முதுகலை, கூடவே பி.எட். வேண்டும். பட்டத்தின் பேர் ஓர் எழுத்து விலகினாலும் 'இணைத்தன்மை அரசாணை எங்கே' என்பார்கள்; அதாவது, இந்தப் பட்டம் அந்தப் பாடத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை. உயர்கல்வித் துறை அப்படி ஆணை போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆணை எண்ணையும் தேதியையும் சேரும் முன்பே துறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். "இதெல்லாம் ஈக்விவலன்ட்தான்பா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எழுத்துத் தேர்வில் தேறி, சரிபார்ப்பில் வெளியே வருவதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

தனிப்பேர் பட்டம் என்றாலே ஒதுக்கவும் வேண்டாம். அண்ணாவில் இருக்கும் மெடிக்கல் பிசிக்ஸ், புற்றுநோய்க் கதிர்சிகிச்சை மருத்துவமனைகளுக்கு நேராகப் போகும் பாதை. படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஒரு கதிர்சிகிச்சை மையத்தில் இன்டர்ன்ஷிப், அப்புறம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தகுதி. அதே பட்டத்தோடு பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியாராகலாம் என்று நினைத்தால்தான் சிக்கல். நிலவியலில் இந்தத் தலைவலி குறைவு: யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வில் ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி இரண்டுமே செல்லும். ஆக, பிள்ளை எந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்து, அந்த வேலையின் பழைய அறிவிக்கையைத் தரவிறக்கி, 'கல்வித் தகுதி' பத்தியைப் பட்டத்தின் பேரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலை.

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆசை இருந்தால் முதுகலையில் 55 சதவீதம் கட்டாயம் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் சலுகை), அதற்குமேல் நெட், செட் தகுதித் தேர்வில் ஒன்று அல்லது பிஎச்.டி. அதனால் கிரேடு புள்ளியைச் சதவீதமாக மாற்றும் கணக்கு மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டிருக்கிறதா என்று சீனியர் ஒருவரின் பட்டியலை வாங்கிப் பார்ப்பது நல்லது.

துறையைப் பார்க்காமல் சேராதீர்கள். ஒரு வேலைநாள், காலை 11 மணி வாக்கில் போங்கள். வெப்சைட்டில் பத்துப் பேராசிரியர் படம் இருக்கும். துறையின் வாசல் பலகையில் எத்தனை பேர், அதில் யார் நிரந்தரம், யார் கௌரவ விரிவுரையாளர், யார் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்று கேட்டால் ஆபீஸ் உதவியாளரே சொல்லிவிடுவார். பிராஜெக்டுக்கு வழிகாட்ட நினைத்த பேராசிரியர் மூன்றாவது செமஸ்டரில் ஓய்வு பெற்றுவிட்டால் என்ன செய்வது? அடுத்து லேப். எக்ஸ்ரே டிஃப்ராக்டோமீட்டர், ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெரிய கருவிகளைக் காட்டுவார்கள். கருவியைப் பார்க்காதீர்கள், அதன் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் லாக் புத்தகத்தைப் பாருங்கள். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தேதி போன வாரமா, போன வருடமா? கையெழுத்தெல்லாம் ஆராய்ச்சி மாணவர்களுடையதா, எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கும் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா? கருவியின் மேல் துணி மூடித் தூசி படிந்திருந்தால் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ரசாயனமும் உதிரிபாகமும் வாங்கப் பணம் வருகிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. துணைவேந்தர் பணிக்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணாவில் 2024 ஆகஸ்டிலும் முடிந்தபின் ஒருங்கிணைப்புக் குழுக்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்தன. ஆகவே பட்டமளிப்பு விழா எப்போது நடந்தது, சான்றிதழ் கைக்கு வர எத்தனை மாதம் ஆனது என்பதை இரண்டு இடத்திலும் போன வருடம் முடித்தவர்களிடம் விசாரியுங்கள்.

பிளேஸ்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. வளாகத்துக்கு எத்தனை கம்பெனி வருகிறது என்பது கேள்வியே இல்லை. அதில் எத்தனை கம்பெனி எம்.எஸ்சி.யை உள்ளே விடுகிறது? பல அறிவிப்புகளில் பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. என்று மட்டும் இருக்கும். துறைவாரிப் பட்டியல் கேளுங்கள்; தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

போக்குவரத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்கள் எண்ணூரிலிருந்து ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் இல்லை. கணிதம், புள்ளியியல், சமூக அறிவியல் சேப்பாக்கத்தில். மொழித் துறைகள் மெரினா வளாகத்தில். இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல் கிண்டியில். மருத்துவ அடிப்படை அறிவியல் தரமணியில். சேப்பாக்கம் என்றால் வடசென்னைக்கு யோகம்: கும்மிடிப்பூண்டி மார்க்கத்து லோக்கலில் பீச் ஸ்டேஷன் வந்து, பறக்கும் ரயில் மாறினால் நாலாவது நிறுத்தம். டோல்கேட்டிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக 6டி பஸ்ஸும் இருக்கிறது. கிண்டி என்றால் இரண்டு பல்கலைக்கழகமும் பக்கம்பக்கம், தூரத்தில் வித்தியாசமே கிடையாது. அதே பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் இறங்கி நடக்கலாம், அல்லது 21ஜி பஸ். விம்கோ நகர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு நீல வழித்தட மெட்ரோவில் சின்னமலை வரை மாறாமல் ஒரே வண்டி; ஆனால் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், போக வர மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண பஸ் இலவசம். லேப் ஐந்து மணிக்கு முடியும் நாட்களில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் நேரத்தில்தான் வீடு திரும்ப வேண்டும். வியாசர்பாடிக்காரர்கள் மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையையும் கணக்கில் சேர்க்கட்டும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான்.

இன்னொன்று: பி.எஸ்சி. படிக்கும்போது வந்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் முதுகலைக்கு வராது. அந்தப் பணத்தில் சீசன் டிக்கெட் எடுத்தவர்கள் இப்போதே மாற்று யோசிக்க வேண்டும்.

இனி டி.சி. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. கல்லூரி ஒரே ஒரு மாற்றுச் சான்றிதழ்தான் தரும். முதலில் கூப்பிட்ட இடத்தில் அசலைக் கொடுத்துவிட்டால், இரண்டாவது இடம் கூப்பிடும்போது கை வெறுங்கை. திரும்ப வாங்க விண்ணப்பம், நூலகம், லேப், கணக்குப் பிரிவு என்று 'நிலுவை இல்லை' கையெழுத்துகள், அதற்குள் அடுத்த இடத்தின் கெடு முடிந்துவிடும். ஆகவே டி.சி.யையும் மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கிய அன்றே ஐந்து செட் ஜெராக்ஸ், போனில் தெளிவான ஸ்கேன். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை. டி.சி.யைக் கேட்டே தீருவோம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் பெறப்பட்டது என்று தேதி, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்கலாம்னு 2022லயே சொல்லிட்டாங்களே" என்று இரண்டு சீட்டையும் பிடித்து வைப்பவர்களும் உண்டு. நேரம் மோதாதிருந்தால்தான் அந்த அனுமதி; இரண்டு முழுநேர எம்.எஸ்சி. வகுப்பும் காலை தொடங்கி மாலை வரை. நடக்கிற காரியமா?

பணம் திரும்ப வருமா? வரும், தேதி தெரிந்தால். அதே 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாள் என்று முறைப்படி அறிவித்த தேதியிலிருந்துதான் கணக்கு. கடைசி நாள் ஆகஸ்ட் 14 என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 30க்குள் விலகினால் முழுத்தொகை. அதில் 5 சதவீதம், மிஞ்சினால் 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். அதன்பின் ஆகஸ்ட் 14 வரை 90 சதவீதம். ஆகஸ்ட் 29 வரை 80. செப்டம்பர் 13 வரை 50. அப்புறம் ஒன்றும் இல்லை, காப்புத்தொகை மட்டும் முழுதாக வரும். சில ஆண்டுகளில் மானியக் குழு தனியாகத் தளர்த்தும்: 2024-25க்குச் செப்டம்பர் 30 வரை முழுத்தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது. அந்தந்த வருடச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலகல் கடிதம் துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு, இரண்டு பிரதி. ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் வரவு எண்ணும் வாங்குங்கள். 15 நாளில் பணம் தர வேண்டிய கெடு எழுத்து மூலமான அந்த விண்ணப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. போனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதுவும் செல்லாது. ரசீது நகல், பாஸ்புக் முதல் பக்கம் இணைக்க வேண்டும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு வரவுசெலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தால் பணம் கைக்கு வருவதில் சிக்கல் வரலாம். வங்கிக்குப் போய் ஆதார் கொடுத்து முதலில் அதை உயிர்ப்பித்துவிடுங்கள். தராமல் இழுத்தடித்தால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

வரிசை முக்கியம். இரண்டாவது இடத்தில் கட்டணம் கட்டி ரசீது கையில் வந்தபிறகுதான் முதல் இடத்தை விட வேண்டும். அதாவது சில வாரங்களுக்கு இரண்டு கட்டணமும் வெளியே நிற்கும். எங்கள் பகுதியில் அந்தப் பணம் தண்டல்காரரிடமிருந்துதான் வரும். நாளைக்கு நாள் வட்டி ஓடும். அதனால்தான் பலர் முதலில் கூப்பிட்ட இடத்திலேயே, பிடித்ததோ இல்லையோ, தங்கிவிடுகிறார்கள். அதைத் துறையைத் தேர்ந்தெடுத்தது என்று எப்படிச் சொல்வது?

எனவே இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் எங்கள் கோரிக்கை சிறியது. எம்.எஸ்சி. சேர்க்கைத் தேதிகளைக் கலந்து பேசி ஒரே வாரத்தில் வையுங்கள். சேர்க்கைக் கடிதத்திலேயே சேர்க்கையின் கடைசி நாள், கட்டணம் திரும்பக் கிடைக்கும் தேதிகள், பட்டத்தின் இணைத்தன்மை அரசாணை எண் ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
பட்டதாரி மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.