யோகா பக்கத்துல சேர்ல உக்காந்தவங்க படத்தையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21 வந்தா யோகா தினம்னு நம்ம பேப்பர்ல முழுப்பக்கம் வருது, விடாம படிக்கிறேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல வர்ற படம் பூரா சின்ன வயசு பிள்ளைங்க உடம்ப வில்லா வளைச்சு நிக்கிற படம்தான். பார்கின்சன்னு சொல்ற நடுக்குவாதம் வந்தவங்க, பக்கவாதம் வந்தவங்க, முடக்குவாதத்துல விரல மடக்க முடியாதவங்க, அவங்களத் தூக்கி உக்கார வச்சே இடுப்பு போன பொண்டாட்டி இல்லன்னா புருஷன், இவங்களுக்குன்னு அந்தப் பக்கத்துல ஒரு வரி கூட கிடையாது. இதெல்லாம் ரொம்பத் தேவைப்படுறது அவங்களுக்குத்தான்.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர்ட் ஆனவர், அவருக்கு பார்கின்சன். எனக்கு சுகர், முட்டி தேய்மானம் வேற. இந்த வியாதின்னா கை நடுங்கும், அவ்வளவுதான்னு ஊர்ல நினைக்கிறாங்க. கை நடுக்கத்த விட குடும்பத்தப் போட்டு ஆட்டுறது வேற ஒண்ணு, முகத்துத் தசை இறுகிப்போயி சிரிப்பே வராது, குரல் உள்ள போயிடும், நாம ஆசையா ஏதாச்சும் சொன்னாலும் முகம் அப்படியே இருக்கும், சரி மனுஷன் கோவமா இருக்காரு, நம்மளப் பிடிக்கலன்னு பொண்டாட்டி மனசுக்குள்ளயே வச்சு வெந்துக்கிட்டு இருப்பா. டிப்ரஷன், பதட்டம் இதெல்லாம் கூட அந்த வியாதியோட சேர்ந்ததுதான், மூளையில நடக்குற மாத்தத்தால வர்றது. இத ஆஸ்பத்திரியில யாரும் எங்கள உக்கார வச்சு சொல்லல. மாத்திரை எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க, அதோட சரி. நீ ராத்திரி தூங்குறியாம்மா, நீங்க ரெண்டு பேரும் முன்ன மாதிரி பேசிக்கிறீங்களான்னு கேக்க ஆள் இல்ல.

நாங்க சாயங்காலம் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகு, ரெண்டு சேர் எதிரெதிரா போட்டு, அவர் சேரு பின்னால நகராம சுவத்தோட ஒட்டி வச்சு, முட்டியோட முட்டி தொடுற மாதிரி உக்காருவோம். அவரோட நடுங்குற கைய என் உள்ளங்கையில வாங்கிக்குவேன், அமுக்கிப் பிடிக்கிறதில்ல, சும்மா வச்சுக்கிறதுதான். நாலு எண்ணுற வரைக்கும் மூச்சு உள்ள, ஆறு எண்ணுற வரைக்கும் வெளிய. கொஞ்ச நேரம் நான் எண்ணுவேன், அப்புறம் அவர் எண்ணுவாரு, மொதல்ல உதடு அசையுறது மட்டும்தான் தெரியும், சத்தமா சத்தமான்னு சொன்னா மெல்ல ஏறும். பிறகு தோளக் காது வரைக்கும் தூக்கி விடுறது, நெத்தி, தாடை, கழுத்துன்னு ஒவ்வொரு இடமா தளர விடுறது, கடைசியில ரெண்டு பேரும் சேந்து நீளமா ‘ஆஆஆ’ன்னு முடிஞ்ச மட்டும் சத்தமா. இதுல சாமி மந்திரம் ஒண்ணும் கிடையாது, யாரு வேணா செய்யலாம். டென்ஷன் ஏறுனா நடுக்கமும் ஏறும், மூச்ச மெதுவா நீளமா விடும்போது நெஞ்சுத் துடிப்பு இறங்கும், அதுதான் இதுல விஷயம். அவருக்கு செய்யுறோம்னு உக்காந்ததுல என் தோள்ல இருந்த இறுக்கமும் சேர்ந்தே விட்டுப்போகுது.

எங்க வீட்டுக் கதைய மட்டும் வச்சு சொல்லல. ஹாங்காங்ல 138 பார்கின்சன்காரங்கள ரெண்டா பிரிச்சு 8 வாரம் ஒரு குரூப்புக்கு மனசையும் சேத்துக் கவனிக்கிற யோகா, இன்னொரு குரூப்புக்கு சாதா உடற்பயிற்சின்னு குடுத்துப் பாத்து 2019ல ரிசல்ட் போட்டாங்க, நடையும் அசைவும் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் தேறுச்சு, ஆனா பதட்டமும் மனச்சோர்வும் யோகா பண்ணவங்களுக்குத்தான் நல்லா குறைஞ்சது. கைய பிடிக்கிறதப் பத்தியும் அமெரிக்காவுல 2006ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கல்யாணமான 16 பொம்பளைங்கள ஸ்கேன்ல படுக்க வச்சு இப்ப ஷாக் வரும்னு பயமுறுத்திப் பாத்தாங்க, புருஷன் கையப் பிடிச்சுக்கிட்டப்ப மூளையில அந்தப் பதட்டம் அடங்குச்சு, முன்னபின்ன தெரியாதவர் கையப் பிடிச்சப்ப அந்த அளவுக்கு இல்ல. அதனாலதான் சொல்றேன், இத நோயாளிக்கு மட்டும் தனியா சொல்லிக்குடுத்தா பாதிதான், கூட இருக்கறவங்களையும் உக்கார வைக்கணும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா எழுதணும். இது வியாதியக் குணப்படுத்தாது. யோகா பண்ணுங்க மாத்திரைய நிறுத்திடலாம்னு வீடியோவுல பேசுறவங்கள நம்பவே கூடாது, பார்கின்சன் மாத்திரைய திடீர்னு நிறுத்துறது உயிருக்கே ஆபத்து. உக்காந்து எந்திரிக்கிறப்ப பிரஷர் சட்டுன்னு இறங்கி விழுந்துருவாங்க, அதனால கொஞ்ச நேரம் கால ஆட்டிட்டு அப்புறம்தான் எந்திரிக்கணும். வேகமா மூச்ச அடிச்சு விடுற கபாலபாதி, தலைகீழா நிக்கிறது இதெல்லாம் பிரஷர் இருக்கறவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க டாக்டரக் கேக்காம தொடவே வேணாம்.

சென்னையில 1976ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் மாதிரி ஆளப் பாத்து ஆளுக்கேத்தபடி சொல்லிக்குடுக்குற இடம் இருக்கு. தென்காசிப் பக்கத்துல இருந்து எத்தனை பேர் போக முடியும்? 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ பண்றவங்க வீட்டுக்கே வர்றாங்க, அது பெரிய விஷயம், நான் மனசார சொல்றேன். அவங்க வர்றப்ப நோயாளி கால மட்டும் மடக்கி நீட்டிட்டுப் போகாம புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஒரு பத்து நிமிஷம் மூச்சு, தளர்வு, முதுகு போகாம எப்படித் தூக்கிவிடணும்ங்கறதச் சொல்லிக்குடுக்கணும்னு சுகாதாரத்துறை உத்தரவு போடணும். 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல இருக்குற 21 வகையில பார்கின்சனும் ஒண்ணுங்கறதே நிறைய வீட்டுல தெரியாது, அதையும் அப்பவே சொல்லிட்டா நல்லது.

நீங்க செய்ய வேண்டியது, அடுத்த தடவ யோகா பக்கம் போடுறப்ப சேர்ல உக்காந்து செய்யுற படமா போடுங்க, எழுத்து பெருசா இருக்கட்டும், யாரு எதச் செய்யக்கூடாதுன்னு ஒரு நரம்பு டாக்டர்கிட்ட கேட்டு பக்கத்துலயே போடுங்க. படத்துக்கு ஆள் கிடைக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் வர்றோம், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்