நீர் மாத்திரை எழுதிக் குடுக்கற டாக்டர்களுக்கும் அதை எடுத்துக் குடுக்கற மருந்துக்கடைக்காரங்களுக்கும்

வணக்கம். சண்டை போட எழுதுற மடல் இல்ல இது, மொதல்லயே சொல்லிடறேன். நீர் மாத்திரை கெட்டதுன்னும் சொல்ல வரல, அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்து ராத்திரி படுக்கவே முடியாம உக்காந்தே கெடந்தப்ப ஃபுரோசமைடுங்கற நீர் மாத்திரைதான் அவர மூச்சு விட வெச்சுது, அந்த நன்றி எனக்கு இருக்கு. ஆனா மாத்திரைய எழுதுறீங்களே, அது வேற என்னென்ன பண்ணும்னு ஏன் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறீங்க? "ஒன்னுக்கு நிறைய போகும், பயப்படாதீங்க", அவ்ளோதான் எங்களுக்குக் கெடச்சது.

அம்மாவுக்கு 71 வயசு. பிபி குறையலன்னு பழைய மாத்திரையோட குளோர்தாலிடோன்ங்கற நீர் மாத்திரையும் சேத்துக் குடுத்தாங்க. ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு, பிபி அழகா எறங்குச்சு. மூணாவது வாரம் சோர்வு, குமட்டல், அப்புறம் பேச்சுல தடுமாற்றம், என்னைய அக்கா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, காலைல நடந்தது சாயந்தரம் ஞாபகம் இல்ல. வயசாச்சுல்லன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, கூட்டிட்டுப் போய் காட்டுன எடத்துலயும் அதேதான் சொன்னாங்க. ஒரு நாள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கற உப்பு, 118, இருக்க வேண்டியது 135லேந்து 145.

இதுல எங்க பங்கும் இருக்கு, அதான் இன்னும் மனசு ஆறல. இவ்ளோ ஒன்னுக்கு போறாங்களே ஒடம்பு வத்திடுமோன்னு பயந்து சொம்பு சொம்பா தண்ணி குடிக்க வெச்சோம். இந்த வகை மாத்திரை போட்டா சிலருக்கு, முக்கியமா வயசான பொம்பளைங்களுக்கு, கிட்னி உப்ப வெளிய விட்டுட்டு தண்ணிய மட்டும் உள்ள புடிச்சு வெச்சுக்கும், அப்ப தண்ணிய ஊத்த ஊத்த சோடியம் இன்னும் நீர்த்துப் போகும்னு எங்களுக்கு அப்புறம்தான் வெளங்குச்சு. உப்பக் குறைங்கன்னு சொன்னதும் நீங்கதான், உப்பு குறைஞ்சிடுச்சுன்னு சொல்றதும் நீங்கதான், நடுவுல என்ன நடந்துச்சுன்னு சாதாரண ஆளுக்கு எப்படிங்க புரியும்? மாத்திரைய நிறுத்தி சோடியத்த மெதுவா ஏத்துனாங்க (சட்டுனு ஏத்துனா மூளைக்கு ஆபத்தாம்), நாலாவது நாள் அம்மா என் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. மறதி நோய்னு நாங்க நெனச்சதெல்லாம் ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

நீர் மாத்திரைன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம், ஆனா ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல. ஃபுரோசமைடு, குளோர்தாலிடோன் எல்லாம் பொட்டாசியத்த எறக்கிடும், கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கறது, நெஞ்சு படபடப்பு எல்லாம் அதனாலயும் வரலாம், கூட டிகாக்ஸின்ங்கற இதய மாத்திரை போடறவங்களுக்கு இது வெளையாட்டே இல்ல. ஸ்பைரோனோலாக்டோன் நேர் தலைகீழ், பொட்டாசியத்த ஏத்தும், அந்த மாத்திரை போடறவர் பிபிக்கு நல்லதுன்னு சோடியம் குறைச்ச உப்ப வாங்கி சேத்துக்கிட்டா அதுல இருக்கறது பொட்டாசியம் குளோரைடு, ரெண்டும் சேந்தா இதயத் துடிப்பே தப்பிடலாம். அதே மாத்திரைல எங்க அப்பாவுக்கு மார்பு வீங்கி வலிச்சுது, ஆம்பளைக்கு இப்படியான்னு வெக்கப்பட்டு நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லல. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுசன் அப்படி மறைச்சிருக்க மாட்டார். யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவிரல் வீங்கறது, சுகர் கொஞ்சம் ஏறறது, படுக்கைலேந்து சடார்னு எழுந்தா கண்ணு இருட்டறது, இதெல்லாமும் உண்டு.

மருந்துக்கடைக்காரங்களே, மூட்டு வலின்னு வந்து நிக்கறவங்களுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுத்து நீட்டறதுக்கு முன்னாடி "நீர் மாத்திரை போடறீங்களா, பிபிக்கு வேற என்ன போடறீங்க"ன்னு கேளுங்க. எனாலாப்ரில், டெல்மிசார்ட்டான் மாதிரி ஒரு பிபி மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை, மூணும் ஒன்னு சேந்தா கிட்னி திடீர்னு படுத்துடலாம்னு எங்கள விட உங்களுக்கு நல்லாவே தெரியும்.

டாக்டர்களே, இன்னொன்னு. வெளிய கெளம்பற அன்னிக்கு பாத்ரூம் கெடைக்காதேன்னு மாத்திரைய முழுங்காம விடற பெரியவங்க எவ்ளோ பேர்னு உங்களுக்குத் தெரியுமா? உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, திட்டுவீங்கன்னு பயம். ஃபுரோசமைடு வேகம் ஒரு ஆறு மணி நேரத்துல அடங்கிடும், அன்னிக்கு மட்டும் நேரத்த முன்ன பின்ன மாத்திக்கலாமான்னு நீங்களே பேச்ச எடுத்தா பாதி பேர் விடாம போடுவாங்க. அப்பாவுக்கு ஆறு மாசம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுத்துட்டிருந்தோம், காலைல குடுக்கணும்னு யாரும் சொல்லல, மனுசன் தூங்குனதே இல்ல. வாந்தி பேதி வந்தா அன்னிக்கு மாத்திரை உண்டா இல்லையான்னு யார்கிட்ட கேக்கறதுங்கறதையும் சீட்டுலயே எழுதிடுங்க, இல்லன்னா ஒருத்தர் தொடர்ந்து போட்டு மயங்கி விழுவார், இன்னொருத்தர் பயந்து நிறுத்தி கால் வீங்கி வருவார்.

அடுத்த வாரம் அம்மாவ செக்கப்புக்குக் கூட்டிட்டு வரேன். சோடியம், பொட்டாசியம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின், இந்த மூணு டெஸ்ட்டும் நான் கேக்காமலே எழுதிக் குடுங்க.